தோட்டப் புனைவில் ‘அடிமை’ என்னும் சொல்

தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்ட மலேசியத் தமிழ்ப் புனைகதைகள் பலவற்றில் ‘அடிமை’ என்னும் சொல் தவறாது இடம்பெறுகிறது. கதைமாந்தர் அழுது புலம்பும் இடத்தும், ஆசிரியர் இடைபுகுந்து சினந்துரைக்கும் இடத்தும் அது வந்து நிற்கும். சஞ்சிக்கூலியும் அடிமை; கங்காணி வழி வந்தவரும் அடிமை; சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டவரும் அடிமை. எல்லா நிலைக்கும் ஒரே சொல் வழங்கப்படும்போது அச்சொல் எதனையும் காட்டாமற் போகிறது.

நேர்ப்பொருளிலேயே தமிழர் அடிமைகளாக விற்கப்பட்ட காலம் ஒன்றுண்டு. தஞ்சைப் பகுதியைப் பஞ்சமும் படையெடுப்பும் வாட்டிய 1659 முதல் 1661 வரையிலான காலத்தில், சோழமண்டலக் கரையில் நிலைகொண்டிருந்த டச்சுக் கம்பெனி ஆயிரக்கணக்கானோரை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது. பெரும்பாலோர் இலங்கை சென்றனர். மலாக்காவுக்கும் சிலர் வந்தனர். அக்கம்பெனி 1652இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் அமைத்த குடியேற்றத்திலும் இக்கரை மக்கள் அடிமைகளாய் வாழ்ந்தனர். அவர்களை விற்கலாம், ஈடு வைக்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்லலாம். அந்நாட்டு ஆவணங்களில் அவர்தம் பெயர்களோடு ஒட்டி நின்றது தந்தை பெயரன்று, ஏற்றப்பட்ட கரையின் பெயர். பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் 1834 டிசம்பர் 1ஆம் நாள் அங்கு அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் ‘தொழில் பயில்வோர்’ என்ற புதுப்பெயருடன் 1838 வரை அவர்கள் பழைய எசமானருக்கே உழைக்க நேர்ந்தது. பெயர் மாறிற்று, பிடி தளரவில்லை.

இவ்வரலாறு நம் புனைகதையை ஆராய்வார்க்கு ஒரு வினாவைத் தருகிறது. மனிதனைப் பிணித்தது எது?

மலாயாவில் சஞ்சிமுறை 1910இல் முடிவுற்றது. கங்காணி முறையோ 1938 வரை நீடித்தது. கங்காணி அயலான் அல்லன். பல வேளைகளில் அதே ஊரினன், உறவினனும் ஆவான். பெரட்டுக்கு வந்து வேலைக்குச் சென்ற ஒவ்வோர் ஆளுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. சட்டப்படி ஒரு மாத அறிவிப்புக் கொடுத்துத் தொழிலாளி விலகலாம். விலகி எங்கே போவது? லயத்து வீடும் கடனும் கள்ளுக்கடையும் ஊரிலிருந்து உடன்வந்த சாதியும் சேர்ந்து செய்த வேலையைத் துரையின் பிரம்பு ஒன்றே செய்ததாக எழுதிவிடுதல் எளிது, உண்மைக்குக் குறைவு.

பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாரதியார் பாடியது தொலைவிலிருந்து எழுந்த இரக்கம். பாட்டுக்கு அது போதும், நாவலுக்குப் போதாது. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ வெளியிலிருந்து வந்து கண்டவரின் படைப்பு. எனினும் தோட்டத் துண்டாடலை அது கருவாகக் கொண்டமையால் சங்கிலியைத் தேடாமல் நிலத்தின் விற்பனையைக் கவனித்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ (1993), அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ (2005) ஆகிய இரண்டும் நிற்கும் களம் வேறு. 1942, 1943ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்காகத் தோட்ட மக்கள் ஆசைகாட்டியும் பிடித்தும் கொண்டு செல்லப்பட்டு மாண்ட அக்களத்தில்தான் ‘அடிமை’ என்னும் சொல் தன் பழம்பொருளை மிக நெருங்குகிறது. சாதாரணத் தோட்டக் கதைகளில் அதனை முன்னரே செலவழித்துவிட்ட எழுத்துலகிற்கு இங்கே சொல் பற்றாக்குறை ஏற்படுவது வியப்பன்று.

கிள்ளான் வட்டாரத்தில் 1941இல் நிகழ்ந்த வேலைநிறுத்தம் இவ்வகையில் எழுத்தாளர்க்குப் பெரும்பாடம். கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டதும் போராட்டம் பரவியது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் நாடுகடத்தப்பட்டார். தொழிலாளர் கேட்டவற்றுள் சீனருக்கு இணையான ஊதியம் இருந்தது. கள்ளுக்கடைகளை மூடுவது இருந்தது. கொடிய ஆசியப் பணியாளரை நீக்குவதும் இருந்தது. அவற்றோடு, பணியாளர் எதிர்ப்படும்போது சைக்கிளைவிட்டு இறங்கச் சொல்லக்கூடாது என்பதும் ஒன்று. ஊதியக் கோரிக்கையை எந்த நாட்டுத் தொழிலாளியும் கேட்பான். இதுவோ தோட்டச் சாலையில் மட்டுமே பிறக்கக்கூடியது. எவரும் அடிக்கவில்லை, எவரும் விலை பேசவில்லை. மண்சாலையில் ஒருவர் வருவதைக் கண்டதும் கால் தானாகவே மிதியை விட்டு இறங்குகிறது. வருபவர் வெள்ளைத் துரையாகவும் இருக்கலாம். தமிழே பேசும் கிராணியாகவும் இருக்கலாம்.