நான்கு பவுண்டு வரம்பு

சிறிய தொங்குகாது முயல்களை இனம் பிரிக்கும் வேலையைத் தராசிடமும் கண்ணிடமும்தான் ஒப்படைத்திருக்கிறார்கள். 4 பவுண்டைத் தாண்டாமல், உருண்டைத் தலையோடு குறுகக் கட்டிய உடல் இருந்தால் ஹாலந்து லாப். அதே உருவில் கம்பளி மயிர் இருந்தால் அமெரிக்கன் ஃபஸி லாப். நாலரையிலிருந்து ஆறரை பவுண்டு வரை எடை நின்றால் மினி லாப். இது அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் தரவிதி. பிரிட்டனுக்குப் போனால் பெயர்களே இடம் மாறுகின்றன. அமெரிக்கர்கள் ஹாலந்து லாப் என்று அழைப்பதற்கு இணையான முயல்தான் அங்கே மினி லாப். அதன் உச்ச எடை 1.6 கிலோ. பெயரை மட்டும் நம்பி முயல் வாங்குகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆனாலும் இந்த முறையை ஒதுக்கிவிட முடியாது. நெதர்லாந்தின் அட்ரியான் டி காக் 1949இல் தொடங்கிய வேலையைப் பாருங்கள். பெரிய பிரெஞ்சு லாப்பையும் சின்னஞ்சிறு நெதர்லாந்து குள்ள முயலையும் அவர் இணை சேர்த்தார். முதலில் பிறந்த குட்டிகளுக்குக் காது தொங்கவே இல்லை. இடையில் இங்கிலீஷ் லாப்பையும் கலந்து, தலைமுறை தலைமுறையாகக் கழித்துச் சேர்த்து, 1964இல்தான் தன் நாட்டில் அங்கீகாரம் பெற்றார். எட்ட வேண்டிய உருவம் இதுதான் என்று ஒரு வரையறை மனத்தில் இல்லாமல் இத்தனை ஆண்டுப் பொறுமை சாத்தியமில்லை. கண்காட்சி மேசையில் நடுவர் ஹாலந்து லாப்பைத் தலை நிமிர்த்தி, முன்கால் நுனி மட்டும் மேசையைத் தொடும்படி உட்கார வைத்து, உச்சந்தலையில் காதுகள் புறப்படும் இடத்தை விரலால் தடவிப் பார்ப்பார். அந்த மேடு சரியாக அமையாவிட்டால் காது பக்கவாட்டில் விரிந்து நிற்கும். பழகிய கைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

ஆனால் அந்தக் கைக்கு எட்டாத ஒன்று உண்டு. ஹாலந்து லாப்பின் குள்ள உருவம் ஒற்றை மரபணுப் பிரதியால் வருவது. 2017இல் வெளியான ஆய்வு, எச்.எம்.ஜி.ஏ.2 என்ற மரபணுப் பகுதியில் சுமார் 12,000 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப்போனதே இதற்குக் காரணம் என்று காட்டியது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்தக் குறை வந்தால் குட்டி அழகிய குள்ளன். இருவரிடமிருந்தும் வந்தால் பிழைக்காது. இப்படிப் பிறப்பதை வளர்ப்போர் ‘பீனட்’ என்கிறார்கள். கூட்டில் கை விட்டால் உடன்பிறந்தவற்றில் பாதியளவே இருக்கும். தலை மட்டும் புடைத்து, காது மிகச் சிறுத்து, இடுப்புப் பகுதி சூம்பிப்போயிருக்கும். சில நாள்களில் இறந்துவிடும்.

பரிசு பெற்ற இரண்டு குள்ளர்களைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி இந்தக் கதிக்கு ஆளாகும். இரண்டு பங்கு குள்ளமாகும். மிச்சம் ஒரு பங்குக்கு அந்த மரபணுக் குறையே இல்லை. அது பெரும்பாலும் 4 பவுண்டைத் தாண்டி வளர்ந்து மேசையிலிருந்து விலக்கப்படும். ஒரே ஈற்றில் ஒன்று வாகை சூடுகிறது, ஒன்று தள்ளப்படுகிறது, ஒன்று சாகிறது. தரவிதியோ முதலாவதை மட்டுமே பார்க்கிறது. தன்னைப் போன்ற குட்டிகளை மட்டும் ஈன முடியாத ஒரு விலங்கை இனத்தின் மாதிரியாக நிறுத்தியிருப்பது இந்த முறையின் அடிப்படைக் கோளாறு. தீர்வு அனுபவசாலிகளுக்குத் தெரியாததல்ல: குறையில்லாத அந்தப் பெரிய பெட்டையைக் குள்ளக் கிடாவோடு சேர்த்தால் பீனட் பிறப்பதில்லை, பாதிக் குட்டிகள் குள்ளமாகவே வரும். ஆனால் இனத்தைத் தாங்கும் அந்தப் பெட்டைக்குக் கண்காட்சியில் இடமில்லை.

வெளித்தோற்றத்தை மட்டும் பார்க்கும் இந்தக் குருட்டுத்தனத்துக்கு ஃபஸி லாப்பின் பிறப்பு இன்னொரு சான்று. ஹாலந்து லாப்பில் திட்டு நிறம் கொண்டுவர இங்கிலீஷ் ஸ்பாட் இனத்தைக் கலந்தார்கள். அதனால் கெட்ட மயிரைச் சீராக்கக் கம்பளி மயிர் கொண்ட பிரெஞ்சு அங்கோராவைக் கலந்தார்கள். மயிர் சீரானது; கம்பளி மரபணு உள்ளே ஒளிந்துகொண்டது. தலைமுறைகள் கழித்து, குட்டைமயிர்ப் பெற்றோருக்குக் கம்பளிக் குட்டிகள் பிறந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 1988இல் அந்தக் குட்டிகளுக்கே தனி இன அங்கீகாரம் கிடைத்தது. குறையாகத் தள்ளியதை இனமாக்கிய சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

தொங்கும் காதுக்கும் ஒரு விலை உண்டு. 2019இல் பிரிட்டனில் 30 காப்பகத்து முயல்களை ஆராய்ந்தபோது, தொங்குகாது முயல்களுக்குக் காதுக்குழாய் சுருக்கமும் வலியும் அதிகம் என்று கண்டார்கள். பல் கோளாறும் அதிகம் என்று அந்த ஆய்வு சொன்னதைப் பின்னர் வந்த மிகப் பெரிய ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. ஆகவே பல்லைப் பற்றி அவசரத் தீர்ப்பு வேண்டாம். காதைப் பற்றிய கவலை நியாயமானது.

தரவிதியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எடைப் பட்டியலுக்குப் பக்கத்தில் பிறப்புப் பதிவும் வர வேண்டும். ஒரு ஈற்றில் எத்தனை பிறந்தன, எத்தனை பிழைத்தன, பெற்றோரில் யார் குள்ளர் என்பதை எழுதித் தராதவரிடம் ‘ஹாலந்து லாப்’ என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.