பாடு என்று தேடினால்

தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-இல் தமிழ் மின்னூலகத்தைத் திறந்ததைக் கொண்டாட நியாயமான காரணம் இருந்தது. கன்னிமாராவுக்கோ ரோஜா முத்தையா நூலகத்துக்கோ போய்த்தான் பார்க்கணும் என்றிருந்த பழைய நூல்கள் பல இன்று போனில் திறக்கின்றன. உறுப்பினர் அட்டை வேண்டாம், காசும் வேண்டாம். ஆனால் ஒரு நூலகத்தை அதில் இருக்கும் நூல்களை எண்ணி மட்டும் மதிப்பிட முடியாது. ஒரு கேள்வியோடு வருகிறவருக்கு அது என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஓர் ஊரை வைத்துச் சோதிப்போம். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, சென்னை–கூடூர் ரயில்பாதையில், ஆந்திர எல்லையை ஒட்டி ஆரம்பாக்கம். கிழக்கே பழவேற்காடு ஏரி. அந்த ஏரியின் மீனவ ஊர்களில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த முறைக்கு, யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. அதில் யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை என்பது ஊரோடும் சாதியோடும் பிணைந்தது, தகராறும் உண்டு. ஆகவே பாடு பற்றி முன்னே யார் என்ன எழுதி வைத்தார்கள் என்பது அங்கே வெறும் ஆராய்ச்சி விஷயமில்லை. அடுத்த வேளைச் சோறு அதில் இருக்கிறது.

சரி, அங்கிருந்து ஒருத்தர் ‘பாடு’ என்று தேடுகிறார். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எழுத்தை மட்டும் ஒப்பிடும் தேடல் என்ன செய்யும் என்று தெரியும். பண்பாடு, வழிபாடு, கோட்பாடு, மேம்பாடு எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும். ‘வலை’ என்று தேடினால் வலைத்தளமும் வலைப்பூவும் வரும். போதாக்குறைக்குக் கவலையும் வரும்.

இதுவும் நூல் தலைப்புக்குள் தேடும் கதைதான். மின்னூலகத்தில் நூல்கள் பெரும்பாலும் பக்கங்களின் படங்களாக இருக்கின்றன. படத்துக்குள் இருக்கும் சொல் கணினிக்குச் சொல் இல்லை, கறுப்புப் புள்ளிகள். பழவேற்காடு பற்றிய நாலு பக்கம் ஏதோ ஒரு செங்கல்பட்டு மாவட்ட நூலின் நடுவில் இருக்கலாம். இந்தப் பகுதி முன்பு செங்கல்பட்டு மாவட்டம் என்பதைக் கணினிக்கு யாராவது சொல்லி வைத்திருக்க வேண்டும். இந்த ஏரிக்குத் தெலுங்கில் பிரளய காவேரி என்று ஒரு பெயர் இருப்பதையும்தான். ஸ.வெம். ரமேஷின் ‘பிரளய காவேரி கதலு’ இந்த ஏரிக்கரை வாழ்க்கையைச் சொல்லும் தெலுங்குக் கதைத் தொகுப்பு. இரண்டு மொழியும் புழங்கும் ஊர் ஆரம்பாக்கம். அங்கே உட்கார்ந்து ‘பழவேற்காடு’ என்று எத்தனை தடவை அடித்தாலும் அந்தப் புத்தகம் கண்ணில் படாது. ஏரி ஒன்றுதான், அட்டவணையில் அது இரண்டாகிவிடுகிறது.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனவர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. அதே ஆண்டு மன்னார்குடி பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பியது. இன்று வண்டி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ‘உனக்கு என்னப்பா வேணும்?’ என்று கேட்டு எடுத்துக் கொடுக்கிற ஆள்தான் இந்தப் புது வண்டியில் இல்லை. நல்ல அட்டவணை என்பது அந்த ஆள் முன்கூட்டியே எழுதி வைத்த பதில்.

இது முடியாத காரியமுமில்லை. மதுரைத் திட்டத் தன்னார்வலர்கள் 1998 முதல் நூல்களைத் தட்டச்சு செய்து எழுத்தாகவே தருகிறார்கள். இதே கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்துக்குப் போயின. அங்கே இயந்திரம் படங்களிலிருந்து எழுத்தைப் படித்தது, மனிதர்கள் உட்கார்ந்து பிழை திருத்துகிறார்கள். படமாகத் தூங்கிய பக்கம் அப்படித்தான் தேடலுக்குள் வருகிறது. பிரச்சினை என்னவென்றால், ஸ்கேன் செய்த பக்கங்களை எண்ணி அறிக்கையில் போடலாம்; சரியாக எழுதிய ஒரு பொருட்குறிப்பால் எத்தனை பேருக்கு வழி கிடைத்தது என்று போட முடியாது.

‘இனி எல்லாத்தையும் ஏஐ பார்த்துக்கும்’ என்கிறார்கள் என் துறை நண்பர்கள். பார்த்துக்கொள்ளலாம், படிக்க எழுத்து இருந்தால். ஏரிக்காரர்களின் பாடும் சுத்து வலையும் போதுமான அளவு எழுத்தாக எங்கும் இல்லாதபோது அது எதை வைத்துக் கற்கும்? தெரியாத இடத்தை அது சும்மாவும் விடாது, கூசாமல் எதையாவது சொல்லும்.

ஆகவே அடுத்த லட்சம் பக்கத்தை ஸ்கேன் பண்ணுவதற்கு முன்னால், இருக்கிற நூல்களுக்கு ஊர்ப்பெயர், பழைய மாவட்டம், தொழிற்சொல் என்று குறிப்பு எழுதுங்கள். எல்லையோரத்துக்கு இரண்டு மொழியிலும் எழுதுங்கள். அதை அந்தந்தப் பகுதி நூலகர்களும் வாசகர்களும் சேர்ந்து எழுத வழி செய்யுங்கள். பாடு என்றால் என்னவென்று சென்னையில் இருக்கும் தரவுப் பதிவாளரைவிட அவர்களுக்கே தெரியும். 1948-ஆம் வருடச் சட்டத்தால் வந்த நூலக வரியை ஆரம்பாக்கத்து வீட்டுக்காரரும் வீட்டுவரியோடு சேர்த்துக் கட்டுகிறார். அவர் ‘பாடு’ என்று கேட்டால் பண்பாட்டை எடுத்து நீட்டுகிற நூலகத்துக்கு அவர் ஏன் கட்ட வேண்டும்?