எழுத்துக்கு வழிகாட்டும் மடல்கள்: பல்லாவரம் முதல் மின்னஞ்சல் வரை

எழுதும் முறையையும் எழுதியதை நூலாக்கும் வழியையும் குறிப்பிட்ட இடைவெளியில் சந்தாதாரருக்குச் சொல்லிவரும் சிறு வெளியீடு செய்திமடல் எனப்படுகிறது. முன்பு அஞ்சலில் வந்தது, இன்று பெரும்பாலும் மின்னஞ்சலில் வருகிறது. தென்சென்னைப் புறநகரில், தாம்பரத்திலோ சேலையூரிலோ மேடவாக்கத்திலோ இருந்துகொண்டு எழுதத் தொடங்கும் ஒருவருக்குப் பதிப்பாளர்களும் அச்சகங்களும் பெரும்பாலும் நகரின் நடுப்பகுதியிலேயே இருப்பதால், மடல் என்பது மின்சார ரயில் ஏறாமலே கிடைக்கும் தொழிலறிவாகத் தோன்றுகிறது. எந்த மடலை நம்பலாம் என்பதை அதிலுள்ள அறிவுரையின் அழகைக் கொண்டு முடிவு செய்வதைவிட, அதை எழுதுபவர் அந்தத் தொழிலில் தம் கைப்பொருளை இட்டவரா, பிறர் எழுத்தைப் படித்துத் திருத்துபவரா என்பதைக் கொண்டு முடிவு செய்வதே பொருத்தம்.

இந்த அளவுகோலுக்கு முதல் சான்று இப்பகுதியிலேயே கிடைக்கிறது. 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள், தமிழ் விருப்பப் பாடமாக்கப்பட்டபோது பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். (அக்கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்து, அவர் வாழ்ந்த ஊருக்கு அருகிலேயே வந்து சேர்ந்தது.) 1902-இல் தொடங்கிய ‘ஞானசாகரம்’ இதழைப் பின்னர் ‘அறிவுக்கடல்’ என்று பெயர் மாற்றி, பல்லாவரத்தில் தாமே அமைத்த திருமுருகன் அச்சுக்கூடத்தில் தம் நூல்களை அச்சிட்டு வெளியிட்ட அவர், எழுத்தாளர், பதிப்பாளர், அச்சக உரிமையாளர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் ஒருங்கே சுமந்தார். 1916-க்குப் பின் தனித்தமிழை மேற்கொண்டு தம் பழைய நூல்களின் நடையை அவர் மாற்றியமைத்தபோது, முன் பதிப்பையும் பின் பதிப்பையும் அருகருகே வைத்துப் படித்தவருக்கு ஒரு வாக்கியம் எவ்வாறு திருத்தப்படுகிறது என்பது கண்கூடாகத் தெரிந்திருக்கும். நடை பற்றிய பொதுப்படையான உபதேசம் எதுவும் இதற்கு ஈடாகாது. ஆயினும் இதழ் ஒழுங்காக வெளிவரவில்லை. ஒருவரின் குரலையே பெரிதும் தாங்கியிருந்ததால், அவருடைய முடிவுகளுக்கு மறுப்பு அதற்குள்ளேயே எழுவதற்கு இடம் குறைவாக இருந்தது.

மறுப்புக்கு இடம் தந்தவை பிற்காலச் சிற்றிதழ்கள். சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கி 1970 வரை நடத்திய ‘எழுத்து’, படைப்பையும் அதன் மீதான விமர்சனத்தையும் ஒரே இதழில் வெளியிட்டது. அதில் வந்த புதுக்கவிதைகள் 1962-இல் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பாயின. தமிழ்ச் சிறுகதை உருவான விதத்தை ஆராய்ந்த அவரது தொடரும் அவ்விதழில் வெளிவந்து பின்னர் நூலானது. 1970-இல் சென்னையில் உருவான ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு வேறொரு வழியை மேற்கொண்டது: அந்தந்த மாதம் இதழ்களில் வெளியான சிறுகதைகளை ஒருவர் படித்து, ஒன்றைத் தேர்ந்து, தேர்ந்ததற்கான காரணத்தைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும். தன் கதை ஏன் தேர்வாகவில்லை என்று அறிய விரும்பும் இளம் எழுத்தாளருக்கு ‘நன்றாக எழுதுங்கள்’ என்னும் நூறு மடல்களைவிட அத்தகைய ஒரு மாத மதிப்பீடு பயன் தரும்.

அஞ்சல்வழிப் பயிற்சி என்ற வடிவத்தையும் தமிழ் கண்டிருக்கிறது. குமுதம் நிறுவனத்துக்காக ரா. கி. ரங்கராஜன் எழுதிய ‘எப்படிக் கதை எழுதுவது?’ பாடங்கள் பிறகு நூலாக வெளிவந்தன. பல்லாண்டுகள் வார இதழின் ஆசிரியர் குழுவில் அமர்ந்து வாசகர் கதைகளைப் படித்தவர் எழுதியவை என்பதால், வெகுசன இதழுக்குக் கதை அனுப்புபவருக்கு அவை நேரடியாக உதவக்கூடியவை. அதே காரணத்தால் அவ்விதழின் அளவும் வாசகர் ருசியும் கதைக்கலையின் பொது இலக்கணமாகத் தோற்றமளிக்கும் ஆபத்தும் அவற்றுள் உண்டு.

இன்றைய தென்சென்னைப் புறநகர் எழுத்தாளரின் மின்னஞ்சல் பெட்டிக்கு வரும் மடல்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எழுதப்படுபவை. கட்டமைப்பு, பாத்திரப் படைப்பு, காட்சியை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது போன்றவற்றில் அவை கூர்மையானவை என்பதை மறுப்பதற்கில்லை. தமிழில் இவ்வளவு பொறுமையாக இவற்றைத் தொடர்ந்து விளக்குபவர்கள் சிலரே. ஆனால் வாக்கிய அளவில் அவற்றின் அறிவுரை பல இடங்களில் தமிழுக்குப் பொருந்துவதில்லை. ‘எழுந்து, முகம் கழுவி, காபி குடித்துவிட்டுக் கிளம்பினான்’ என்று வினையெச்சங்களைக் கோத்து ஒரே மூச்சில் சொல்வது தமிழின் இயல்பு. வாக்கியங்களைச் சிறிதாக்கு என்ற விதியை அப்படியே ஏற்று ‘அவன் எழுந்தான். முகம் கழுவினான். காபி குடித்தான். கிளம்பினான்.’ என்று நான்காக வெட்டினால், காரணமின்றி ஒரு பதற்றம் கதைக்குள் நுழைந்துவிடுகிறது. அண்மைத் தமிழ்க் கதைகள் பலவற்றில் இந்தத் தந்தி நடை பரவியிருப்பதற்கு இவ்வகை இறக்குமதியும் ஒரு காரணமாகலாம்.

பதிப்புத் தொழில் பற்றிய பகுதியில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. அம்மடல்கள் எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் இடையே நின்று உரிமையை விற்றுத் தரும் இலக்கிய முகவரை எவ்வாறு அணுகுவது என்று பக்கம் பக்கமாக விளக்குகின்றன. தமிழ்ப் பதிப்புலகில் எழுத்தாளர் பெரும்பாலும் பதிப்பாளரிடம் நேரடியாகவே பேசுகிறார். ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை விலை கொடுத்து வாங்கவும் அம்மடல்கள் சொல்கின்றன. இந்தியாவில் தில்லியிலுள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாக வழங்குகிறது. ஆசிரியர் மறைவுக்குப் பின் பதிப்புரிமை 70 ஆண்டு நீடிக்கும் என்று அவை சொல்லும்போது, இந்தியச் சட்டத்தில் அக்காலம் 60 ஆண்டுதான் என்பதைத் தமிழ் எழுத்தாளர் வேறெங்கோ தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அமேசான் கிண்டிலில் மின்னூல் வெளியிட்டால் 70 சதவீத உரிமைத்தொகை கிடைக்கும் என்னும் புகழ்பெற்ற அறிவுரையிலும் இத்தகைய குறை உண்டு: இந்திய வாசகருக்கு விற்கும் பிரதிகளுக்கு அவ்விகிதம் கிடைக்க, அந்நூலை அமேசானுக்கு மட்டுமே உரியதாக்கும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் நூல் விற்பனையைப் பெரிதும் தீர்மானிக்கும் இரண்டு செய்திகள் அம்மடல்களில் இடம்பெற வழியே இல்லை. ஒன்று, 1977 முதல் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சி. புதிய நூல்கள் பெரும்பாலும் அதையொட்டியே வெளிவருவதால், ஆண்டின் பிற்பகுதியில் கைப்பிரதியோடு வருபவர் வரிசையின் கடைசியில்தான் நிற்க நேரும். மற்றொன்று பொது நூலகத் துறையின் கொள்முதல். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. தாம்பரம் மாநகராட்சியில் வீட்டு வரி கட்டுபவர் ஒவ்வொருவரும், தம்மை அறியாமலே, தமிழ் நூல்களுக்கு ஒரு சிறு புரவலர். இந்தக் கொள்முதல் தாமதமானால் சிறு பதிப்பாளர் புதிய கைப்பிரதியை ஏற்கவே தயங்குவார். மறுப்புக்கு இதுவும் காரணமாகலாம் என்பதை அறியாத எழுத்தாளர் குறை தம் நாவலில்தான் என்று எண்ணிக்கொள்வார்.

உள்ளூர் நிலவரம் அறிந்த தமிழ் மடல்களிலும் சமூக ஊடகத் தொடர்களிலும் வேறொரு குறை உண்டு. அவற்றுள் சில, இலவச ஆலோசனையாகத் தொடங்கி, எழுத்தாளரே பணம் கட்டி நூல் வெளியிடும் திட்டத்தின் விளம்பரமாக முடிகின்றன. பணம் கட்டி வெளியிடுவது இழிவன்று. செல்லப்பாவும் தம் கைப்பணத்தில்தான் நூல் போட்டார். எத்தனை பிரதி அச்சாகிறது, விற்காத பிரதி யாருக்குச் சேரும், உரிமை யாரிடம் இருக்கும், பிழைதிருத்தம் யார் செய்கிறார் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்லாமல் அட்டைப்படத்தின் கவர்ச்சியை மட்டும் விவரிக்கும் மடல், வழிகாட்டி என்ற பெயருக்குரியதன்று. பாரதி புத்தகாலயத்தின் ‘புத்தகம் பேசுது’, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் ‘உங்கள் நூலகம்’ ஆகிய மாத இதழ்கள் மதிப்புரைகளாலும் நேர்காணல்களாலும் வாசகருக்கு மிகுந்த பயன் தருபவை. ஆனால் பதிப்பகங்களே நடத்துபவை என்பதால், எழுத்தாளருக்குச் சேர வேண்டிய உரிமைத்தொகைக் கணக்கை அவை விரிவாகப் பேசும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

பழைய இதழ்களைத் தேடுபவருக்குத் தென்சென்னை ஏற்ற இடம்: தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. கதைக்கலையைப் பொறுத்தவரை புதிய மடல்களை அடுக்கிக்கொண்டே போவதைவிட அங்கே ‘எழுத்து’ போன்ற ஓர் இதழின் ஓராண்டுத் தொகுதியை முழுமையாகப் படிப்பது மேல். அச்சுக்கூலி, பிரதி எண்ணிக்கை, நூலகக் கொள்முதல், உரிமைத்தொகை ஆகியவற்றின் நடப்பு நிலவரத்தையோ எந்தப் பழைய தொகுதியும் தராது. பதிப்பகச் சார்பற்ற ஒருவர் மாதந்தோறும் எழுத வேண்டிய மடல் அது.