நன்னூலும் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும்

நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியராகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமை கூறும். இவை ஒரு தன்மையன அல்ல. கழற்குடம் கற்பித்தலில் முறைபிறழ்வையும், பருத்திக்குண்டிகை எடுத்துரைக்கும் ஆற்றலின்மையையும் சுட்டுவன, இவை தொழிற்குறைகள். ஏனைய இரண்டும், கேட்பார்க்கு ஈயாமையும் நடுவின்மையுமாகிய பண்புக்குறைகள்.

1856-இல் சென்னையில் தோன்றிப் பின்னர்ச் சைதாப்பேட்டையில் நிலைபெற்ற பயிற்சிப் பள்ளியும், அதன்பின் வளர்ந்த கல்லூரிகளும் பாடக்குறிப்பு, மாதிரிப் பாடம், கற்பித்தற் பயிற்சி ஆகியவற்றால் தொழிற்குறைகளைக் களைய முற்பட்டன. பண்புக்குறைகளோ தேர்வுத்தாளில் அகப்படா. பாடக்குறிப்பேடு செவ்விதின் அமைந்தவிடத்தும், வினவும் மாணாக்கனுக்கு விடை மறுப்பார் ஆசிரியராகார். ஆதலின், பயிற்சிக்கு உரியாரைத் தெரிதற்கண் மதிப்பெண் ஒன்றே அளவாதல் சாலாது. ஆசிரியர் குணத்தை முன்னும், பாடஞ்சொல்லும் முறையைப் பின்னும் பவணந்தியார் வைத்த வைப்புமுறை ஈண்டு நினையத்தகும்.