விளக்கேற்றும் வேளைப் பாட்டு

வேதாகமத்துக்குப் புறம்பே எழுந்து, இன்றளவும் கிறிஸ்தவர் ஆராதனையில் வழங்கிவரும் பாட்டுக்களுள் மிகப் பழையதாக எண்ணப்படுவது 'போஸ் ஹிலரோன்' என்னும் கிரேக்கப் பாட்டாகும். 'மகிழ்வூட்டும் ஒளி' என்பது அத்தொடரின் பொருள். கீழைத் திருச்சபையார் மாலை ஆராதனையில் இதனை இன்றும் பாடுகின்றனர்.

இதனை இயற்றியவர் யார்? இரத்தசாட்சியான அத்தினோஜினிஸ் என்பர் சிலர். 7-ஆம் நூற்றாண்டில் எருசலேமின் தலைமைக் குருவாயிருந்த சொப்ரோனியுஸ் என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் பொருந்தா என்பதே நம் துணிபு. இன்றைய துருக்கி நாட்டிலுள்ள செசரியாவின் அத்தியட்சர் பசில், ஏறத்தாழ 375-இல் எழுதிய 'பரிசுத்த ஆவியைக் குறித்து' என்னும் நூலில் இப்பாட்டைச் சுட்டுகிறார். ஆக்கியோன் பெயர் தமக்குத் தெரியாது என்றும், மக்களோ அப்பழஞ்சொல்லை வழங்கி வருகின்றனர் என்றும் உரைக்கிறார். 4-ஆம் நூற்றாண்டிலேயே பழையது எனப்பட்டதை 7-ஆம் நூற்றாண்டினர் இயற்றியிருத்தல் எங்ஙனம் கூடும்? அத்தினோஜினிஸின் பாட்டையோ, பசில் இதனையடுத்து வேறொன்றாகவே குறிக்கிறார். படித்தோர் இரண்டையும் ஒன்றென மயங்கினர். பேர்பெற்ற ஒருவரை ஒட்டவைத்தாலன்றிப் பாட்டுக்கு மதிப்பில்லை என்னும் எண்ணமே இத்தகைய மயக்கங்களை வளர்க்கின்றது.

பிதாவோடும் குமாரனோடும் பரிசுத்த ஆவியையும் ஒப்பவைத்துத் துதித்தல் புதுமையென்று பசிலைப் பழித்தோர் இருந்தனர். அவர்கட்கு விடையாக அவர் காட்டிய சான்றுகளுள் இப்பாட்டும் ஒன்று. பேரறியாத ஒருவன் கட்டிய பாட்டு, பொதுமக்கள் வாயில் நின்று, கற்றோர் அவையிற் சாட்சி சொல்லிற்று. இதனினும் பெருமை ஒரு பாட்டுக்கு வேறு யாது வேண்டும்?

பொருளும் எளியதே. கதிரவன் சாய்கிறான், விளக்கொளி தோன்றுகிறது, அவ்வொளியிலே கிறிஸ்துவை நினைந்து, மூவரையும் பாடி, உயிரளிப்பவர் என அவரைப் போற்றி முடிகிறது. செல்வம் தா, மகப்பேறு தா, பகைவரை அழி என்னும் வேண்டுதல் ஒன்றேனும் இதில் இல்லை. மாலை வெளிச்சத்தை வாய்திறவாது ஏற்றல் தகாது என்று முன்னோர் கருதினர் எனப் பசில் எழுதுகிறார். நன்றியே இதன் உயிர்.

நம்முள் ஆங்கிலம் கற்றோர் இதனைக் கீபிள் 1834-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பாலேனும், பிரிட்ஜஸ் 1899-இல் தந்ததாலேனும் அறிந்திருப்பர். கீபிள் தொடக்கத்தில் 'வாழ்க' என்றொரு சொல்லைச் சேர்த்தார், மூலத்தில் அஃதில்லை. மூலமோ அரசவை வாழ்த்துப்போல் முழங்குவதன்று. விளக்கடியில் எழும் குரல்.

குறையும் ஒன்றுண்டு. ஏழையைப்பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் இதனைப் போற்றிய பசில், செசரியாவின் புறநகரில் ஏழைகட்கும் நோயாளர்கட்கும் இல்லம் அமைத்தார். பாட்டு விட்டதைச் செயல் நிரப்பிற்று.

எச்சமயத்தாராயினும் அந்தியில் விளக்கேற்றித் துதிபாடும் நம்மவர்க்கு நாம் கூறுவது இதுவே: பொருளுணர்ந்து பாடுக, பாடி முடித்தபின், அவ்வொளி அடுத்த வீட்டு இருளையும் எட்டுகின்றதா என்று நோக்குக.