மல்மேடையும் தேசியமும்: ரிக்கிடோசன் பற்றிய ஒரு நோக்கு

தொழின்முறை மல்யுத்தம் பற்றிப் பேச்செடுத்தால் நம் நண்பர்கள் பலர் முதலிற் சொல்வது, 'அது வெறும் ஏமாற்று' என்பதே. வெற்றி தோல்விகள் முன்னரே பேசித் தீர்க்கப்படுவன என்பது இன்று மறைபொருளன்று. அத்தொழிலில் ஈடுபட்டோரே பகிரங்கமாக ஒப்புக்கொண்ட செய்தி. ஆனால், முடிவு முன்கூட்டியே அறியப்பட்டதென்ற ஒரே காரணத்தால் ஒரு நிகழ்ச்சி ஆராயத் தகாதது ஆகுமாயின், கூத்தையும் நாடகத்தையும் நாம் தள்ளிவைக்க வேண்டிவரும். துரியோதனன் மாள்வான் என்பதை அறியாமலா நமது கிராமத்து மக்கள் விடியவிடியக் கூத்துப் பார்த்தனர்? எப்படி மாள்கிறான், மாளுமுன் என்ன செய்கிறான் என்பதிலன்றோ அவர்தம் உள்ளம் பதிந்திருந்தது.

இவ்வுண்மையை மேலைநாட்டிலே தெளிவாக எடுத்துரைத்தவர் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலன்ட் பார்த். 1957-இல் நூலுருப்பெற்ற அவரது கட்டுரைத் தொகுதியின் முதற் கட்டுரையே மல்யுத்தம் பற்றியது. மல்யுத்தம் விளையாட்டன்று, காட்சி என்றார் அவர். பாரிஸ் நகரத்து மலிவான அரங்குகளில் மக்கள் காண விழைவது நீதியின் நடிப்பு என்பதும், அமெரிக்காவிலோ தீயவன் வேடம் கம்யூனிஸ்டுக்கு உரியதாகிவிடுகிறது என்பதும் அவர் கண்டவை. கூர்மையான நோக்குத்தான். எனினும், மல்மேடை ஒரு தேசத்தின் காயத்தை ஆற்றும் மருத்துவசாலையாக மாறும்போது யாது நிகழும் என்ற வினா அக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதற்கு விடை தேட நாம் பாரிஸை விட்டு டோக்கியோவுக்குச் செல்லவேண்டும்.

1952-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கரின் ஆக்கிரமிப்பு ஆட்சி சட்டப்படி முடிவுற்றது, படைத்தளங்கள் முடிவுறவில்லை. மறு ஆண்டு யப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. ஒரு பெட்டியின் விலை சாதாரண ஊழியனின் பல மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடியது. ஆகவே நிப்பொன் தொலைக்காட்சி நிறுவனம் புகையிரத நிலையங்களின் முன்னும் சந்திகளிலும் பெட்டிகளை நிறுத்தியது. 1954 பெப்ரவரி 19 முதல் மூன்று இரவுகள் அப்பெட்டிகளின் முன் ஆயிரக்கணக்கானோர் குளிரையும் பொருட்படுத்தாது திரண்டு நின்றனர். டோக்கியோவின் குராமயே அரங்கில் ரிக்கிடோசனும் ஜூடோ வீரர் கிமூரா மசாஹிக்கோவும் ஒருபுறம். பென், மைக் என்னும் ஷார்ப் சகோதரர் மறுபுறம்.

அந்நாடகத்தின் அமைப்பு எளிமையானது. நெடிதுயர்ந்த வெள்ளையர் இருவர் விதிகளை மீறுகின்றனர்; கிமூரா அடிவாங்கி நைகிறார்; கறுப்பு நிற நீள்காற்சட்டை அணிந்த ரிக்கிடோசன் பொறுத்துப் பொறுத்துப் பார்க்கிறார்; பொறுமை எல்லை கடந்ததும் மேடையேறி, விரித்த கையின் விளிம்பால் அந்நியரின் மார்பில் அறைகிறார். 'கராத்தே வெட்டு' என்று அவ்வடிக்குப் பெயர். உண்மையில் அது கராத்தேயைவிடச் சுமோ மல்லரின் அறைக்கே நெருங்கியதென்பது எமது கருத்து. பெயர் எதுவாயினும், ஆயுதமற்ற வெறுங்கை ஒன்று பெரிய உடம்பொன்றைச் சாய்ப்பதைக் கண்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எரிந்து கருகிய நகரமொன்றின் மக்கள் தெருவில் நின்று கண்ணீர் விட்டனர். இக்கண்ணீரை ஏளனஞ் செய்யும் திறனாய்வாளன் மக்களைப் பற்றிப் பேசாதிருப்பதே நன்று.

ஆனால் பாத்திரங்களைச் சற்று உற்றுநோக்குவோம். அமெரிக்காவாகக் கருதி யப்பானியர் வெறுத்த ஷார்ப் சகோதரர் அமெரிக்கர் அல்லர். கனடாவின் ஹமில்டன் நகரத்தவர். யப்பானாகவே கருதி அவர்கள் போற்றிய ரிக்கிடோசனோ யப்பானியர் அல்லர். கிம் சின்-ராக் என்பது அவரது இயற்பெயர். இன்று வடகொரியாவிலுள்ள தென் ஹம்கியோங் மாகாணத்தில் ஒரு கொரியக் குடும்பத்திற் பிறந்தவர். 1910 முதல் கொரியா யப்பானின் குடியேற்றநாடு. கொரியர் யப்பானியக் குடும்பப்பெயர் சூடவேண்டுமென்ற ஆணை நடைமுறைக்கு வந்த 1940-ஆம் ஆண்டிலேயே அவர் சுமோ பயிலுவதற்காக யப்பானுக்கு வந்து சேர்ந்தார். சுமோவில் மூன்றாவது உயர்நிலையாகிய செக்கிவாக்கே வரை ஏறிய அவர், 1950-இல் தம் கொண்டையைத் தாமே அறுத்துக்கொண்டு அத்துறையை விட்டு நீங்கினார். மொமோத்தா என்னும் குடும்பப்பெயரும், நாகசாகி மாகாணத்தின் ஓமுரா ஊரிற் பிறந்தவர் என்ற வரலாறும் அவருக்கு வாய்த்தன. 1951-இல் மல்மேடை ஏறினார். ஹவாயிலும் அமெரிக்காவிலும் பயின்று திரும்பினார். அவர் உயிரோடிருந்த காலம் முழுதும் பெருவாரியான இரசிகர்கள் இப்புனைந்த வரலாற்றையே நம்பினர்.

ஆகவே, 'மல்யுத்தம் பொய்' என்று கூறுவோர் பொய்யைத் தவறான இடத்திலே தேடுகின்றனர் என்போம். வெற்றி முன்னரே தீர்மானிக்கப்பட்டது சிறிய பொய். கலைகள் யாவற்றுக்கும் பொதுவான பொய். ஒரு தேசம் தன் மானத்தை மீட்பதற்கு, தான் அடிமைகொண்ட நாட்டான் ஒருவனின் உடலைப் பயன்படுத்திவிட்டு, அவன் பெயரை மட்டும் வெளிக்காட்டவொண்ணாததாக்கி வைத்திருந்ததே பெரிய பொய். யப்பானில் வாழ்ந்த கொரியர் 1952-இல் யப்பானியக் குடியுரிமையை ஒருசேர இழந்தனர். வேலைக்கும் வீட்டுக்கும் அவர்கள் பட்ட பாட்டை ஒளிபரப்ப எந்தச் சந்தியிலும் பெட்டி வைக்கப்படவில்லை.

அதே ஆண்டின் பிறிதொரு நிகழ்ச்சியையும் இங்கு நினைவுகூரல் வேண்டும். ஷார்ப் சகோதரர் முதன்முறை மேடையேறிப் பத்து நாட்கள் கழிய, மார்ச் 1-ஆம் நாள், பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல் யப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது பொழிந்தது. அதிலிருந்த மீனவர் 23 பேரும் கதிரியக்கத்துக்கு உள்ளாயினர். ஒருவர் செப்தெம்பரில் இறந்தார். டோக்கியோவின் சுகினாமிப் பகுதியில் இல்லத்தரசிகள் தொடங்கிய கையொப்ப இயக்கம் மறு ஆண்டளவில் மூன்று கோடிக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டிற்று. தெருவில் நின்று ரிக்கிடோசனுக்காக ஆரவாரித்தவரும் இதிற் கையொப்பமிட்டவரும் வெவ்வேறு மக்களென்று எண்ணுதல் பேதைமை. ஒரே அவமான உணர்ச்சிக்கு இரு வழிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றுக்கே முதலாளிகளின் ஆதரவு கிட்டிற்று. அத்தொலைக்காட்சி நிறுவனத்தை நிறுவிய ஷோரிக்கி மட்சுத்தாரோ, போரின் பின் முதல்நிலைப் போர்க்குற்றச் சந்தேகத்தின்பேரிற் சிறையிலிருந்து வெளிவந்த பத்திரிகை அதிபர். 1956-இல் யப்பானிய அணுசக்தி ஆணைக்குழுவின் முதல் தலைவராக அமர்ந்தவரும் அவரே. பின்னர், வெள்ளிக்கிழமை மல்யுத்த ஒளிபரப்புக்கு மிட்சுபிஷி நிறுவனம் அனுசரணை வழங்கியபோது, போட்டிகளுக்கிடையே அந்நிறுவனத்தின் தூசுறிஞ்சும் இயந்திரம் மேடையைச் சுத்தஞ் செய்வதும் நிகழ்ச்சியின் ஓர் அங்கமாயிற்று. தேசத்தின் வியர்வை துடைக்கப்பட்ட விதம் இது!

ரிக்கிடோசனின் போட்டிகளுள் எம்மைப் பெரிதும் கவர்வது, கவர்வதைவிட வருத்துவது, 1954 டிசெம்பர் 22-இல் கிமூராவோடு நிகழ்ந்ததேயாம். கிமூரா சாதாரணர் அல்லர். போருக்கு முன்னரே ஜூடோவில் ஒப்பாரற்றவரென மதிக்கப்பட்டவர். 1951-இல் பிரேசிலின் ரியோ நகரில் ஹேலியோ கிரேசியை வென்றவர். அத்தகையவர் ரிக்கிடோசனின் பெருமையை உயர்த்தும் பொருட்டு இரவுதோறும் அடிவாங்கும் பாத்திரமாக்கப்பட்டார். மனம் பொறாது அறைகூவினார். சமநிலையில் முடிப்பதென்று உடன்பாடு இருந்ததாகக் கிமூரா பிற்காலத்திற் கூறினார். எஞ்சியுள்ள படச்சுருளிற் காண்பது வேறு. தொடக்கத்தில் பிடிகளும் எறிதல்களும் ஒழுங்காகவே நிகழ்கின்றன. திடீரென, கிமூராவின் உதையொன்றை நெறிதவறியதென்று கொண்டு, ரிக்கிடோசன் மெய்யாகவே அறையத் தொடங்குகிறார். நிகழ்வது யாதெனக் கிமூரா உணருமுன் மூலைக்குத் தள்ளப்படுகிறார். கீழே விழுந்தவரின் முகத்திலும் அடியும் உதையும் விழுகின்றன. ஈற்றில் அவர் குருதி வடியக் கிடக்கிறார். ரிக்கிடோசன் யப்பானின் வீரர்திலகமாகிறார்.

இதனை நாடகம் எனல் இயலாது. விளையாட்டு எனலும் இயலாது. இருவர் சேர்ந்து ஆடும் கூத்தில், எதிராளி தன் உடலை நம்பி ஒப்படைக்கிறான். அந்நம்பிக்கையே இக்கலையின் உயிர்நாடி. பிற்காலத்தார் சிலர் இப்போட்டியை 'உண்மைச் சண்டை' என்று வியந்து பேசுவது எமக்கு உடன்பாடன்று. உண்மை அங்கு வெளிப்பட்டதென்பது மெய்தான். அது வீரத்தின் உண்மையன்று, போட்டிச் சந்தையின் உண்மை. ஒரு தேசத்துக்கு ஒரு வீரனே போதுமெனில், மற்றவன் விழத்தான் வேண்டும்.

இதற்கு எதிரிடையாக வைத்துப் பார்க்கவேண்டியது 1957 ஒக்தோபரில் லூ தெஸ்ஸோடு நடந்த போட்டி. உலக வீரராயிருந்த தெஸ் பிடிகளில் வல்லவர், ஆரவாரம் அறியாதவர். கடிப்பதில்லை, கதிரை தூக்குவதில்லை. அறுபது நிமிடங்கள் இருவரும் பொருதிச் சமநிலையில் முடித்தனர். அந்நியன் என்பதனாலேயே ஒருவன் தீயவனாகிவிடான் என்பதை யப்பானிய மல்மேடை அன்றுதான் காட்டிற்று. கலை நோக்கில் ரிக்கிடோசனின் உச்சம் இதுவே என்று துணிந்து கூறுவோம். 1963-இல் முகமூடியணிந்த 'டிஸ்ட்ரோயர்' என்பாரோடு நடந்த போட்டியே பார்வையாளர் தொகையில் பெரும்புகழ் ஈட்டியது. நூற்றுக்கு 64 என்பது அதன் பார்வையாளர் வீதம்.

ஆனால் மேடை அப்பாதையிலே தொடர்ந்து செல்லவில்லை. 1962-இல் வந்த பிரெடி பிளாசி பற்களை அரத்தால் உராய்ந்து காட்டி, எதிரிகளின் நெற்றியைக் கடித்துக் குருதி வழியச் செய்தார். அதனைத் தொலைக்காட்சியிற் கண்ட முதியோர் சிலர் அதிர்ச்சியால் மாண்டனர் என்று பத்திரிகைகள் எழுதின. அன்று கடிபட்டவர்களுள் ஒருவராகிய கிரேட் டோகோ அமெரிக்காவிற் பிறந்த யப்பானிய வம்சாவளியினர். போருக்குப் பிந்திய அமெரிக்க மேடைகளில் குனிந்து வணங்கிவிட்டு முதுகிலே குத்தும் 'வஞ்சக யப்பானியன்' வேடம் புனைந்து பிழைத்தவர். ஒரே உடல், பசிபிக் சமுத்திரத்தின் ஒரு கரையில் வஞ்சகன்; மறுகரையில் தேசத்தின் தியாகி.

1963 ஜனவரியில் ரிக்கிடோசன் தென்கொரியாவுக்குச் சென்றார். யப்பானில் அச்செய்தி பரவுவதை அவர் விரும்பவில்லை. டிசெம்பர் 8-இல் டோக்கியோவின் இரவு விடுதியொன்றில் பாதாள உலகத்தவன் ஒருவனால் கத்தியாற் குத்தப்பட்டு, 15-ஆம் நாள் இறந்தார்.

அவர் விட்டுச்சென்ற மாணாக்கருள் ஜயன்ட் பாபாவும் அந்தோனியோ இனோக்கியும் உலகறிந்தோர். எம் கவனத்தை ஈர்ப்பவர் கிம் இல். ரிக்கிடோசன் கொரியர் என்று கேள்வியுற்று, அனுமதியின்றிக் கடல் கடந்து யப்பானுக்கு வந்து பிடிபட்டவர் அவர். ரிக்கிடோசன் பொறுப்பேற்க விடுதலை பெற்று, 'ஓக்கி கிந்தாரோ' என்ற யப்பானியப் பெயரோடு மேடையேறினார். 1960-களின் நடுப்பகுதியில் அவர் தாயகம் திரும்பியபோது, இராணுவத் தளபதி பாக் சுங்-ஹீயின் ஆட்சி அவரை அரவணைத்துக்கொண்டது. சியோல் நகரின் ஜாங்சுங் அரங்கில் கிம் இல் நெடுநேரம் அடிவாங்குவார். பொறுத்துப் பொறுத்துப் பார்ப்பார். பின்னர் தலையால் முட்டி எதிரியை வீழ்த்துவார். தொலைக்காட்சிப் பெட்டியுள்ள வீடுகளில் அயலார் கூடிநின்று ஆரவாரித்தனர். விதிகளை மீறிய அந்நியனாக அங்கு விழுந்தவர் யப்பானியர்.