பைத்தானில் கோப்பு ஏற்றுமதி: கருவி நல்லதுதான், ஆனால் தமிழுக்கு?



பரிசளிப்பு விழாவுக்கு முன் மாணவர் பட்டியல் ஒன்று தயார் செய்தேன். சபாக் பக்கத்துத் தோட்டப்பள்ளி என்றால் உங்களுக்கே தெரியும், பிள்ளைகள் கொஞ்சம்தான். முழுப் பள்ளியும் ஒரே பட்டியலில் அடங்கிவிடும். பைத்தானில் பத்து வரி எழுதி, சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து, நற்சான்றிதழ் அச்சடிக்கப் புலனத்தில் அனுப்பினேன். வந்த மாதிரியைப் பார்த்தால் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, மறுபடியும் அதே. நல்லவேளை, மாதிரி கேட்டோம். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் மேடையில் ஏறி வாங்கியிருப்பார்கள்.

அந்தக் கிறுக்கலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோப்பு கெட்டுப்போகவில்லை. பைத்தான் யுடிஎஃப்-8 முறையில் சரியாகத்தான் எழுதியது. எக்செல் அதைத் திறக்கும்போது ஆங்கில விண்டோஸின் பழைய குறியீடு என்று நினைத்துக்கொண்டது. எழுதும்போது குறியீட்டின் பெயரை ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்திருந்தால் போதும். கோப்பின் தொடக்கத்தில் ஓர் அடையாளம் சேரும், எக்செல் புரிந்துகொள்ளும். ஒரே ஒரு சொல்தான்! நான் படித்த பாடம் எதிலும் அது இல்லை. எல்லாரும் ‘அலி, 90’ என்று எழுதிக் காட்டி, வேலை முடிந்தது என்றுவிடுகிறார்கள். அலிக்கு முடிந்தது, நம் அன்பழகனுக்கு முடியவில்லை.

இதுதான் என் முதல் குறை. குறியீட்டைச் சொல்லாமல் விட்டால், விண்டோஸில் பைத்தான் தமிழை எழுதமுடியாமல் பிழை காட்டி நின்றுவிடும். அதைக்கூட நான் நல்லது என்பேன், சத்தம் போடுகிறதல்லவா! சத்தமே இல்லாமல் தப்பாகப் போவதுதான் ஆபத்து. (3.15 பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8 தானாகவே இயல்பாகும் என்று அறிவித்திருக்கிறார்கள். பள்ளி மடிக்கணினிக்கு அது எப்போது வந்து சேருமோ!) ‘நியூலைன்’ என்ற இடத்தை வெற்று மேற்கோளாக விட மறந்தால் ஒவ்வொரு மாணவருக்கும் நடுவே ஒரு காலி வரி வரும். அது சின்ன எரிச்சல், விடுங்கள்.

இரண்டாவது குறை பைத்தானுடையது அல்ல, சிஎஸ்வியுடையது. அதில் எல்லாமே வெறும் எழுத்து; எது எண், எது பெயர் என்று அது சொல்லாது. எக்செல் ஊகிக்கும். பெற்றோரின் 012 எண்ணில் முன் சுழியம் போய்விடும். கோடு போடாமல் எழுதிய 12 இலக்க அடையாள எண் 1.5-க்குப் பின்னால் ‘ஈ’ சேர்த்துச் சுருங்கிவிடும். அதை அப்படியே சேமித்துவிட்டால் சுழியம் திரும்பி வராது. ஆகவே மனிதர்கள் திறக்கப்போகும் பட்டியலை ‘ஓப்பன்பைஎக்ஸ்எல்’ நிரலகம் கொண்டு நேரடியாக எக்செல் கோப்பாகவே கொடுங்கள். எண்ணை எழுத்தாகக் கொடுத்தால் எழுத்தாகவே இருக்கும்.

இணைய விளையாட்டுக்குச் சொற்பட்டியல் ஏற்றினால் ஜேசன் நன்று. ஆனால் அங்கேயும் ‘என்ஷூர் ஆஸ்கி’ என்ற அமைப்பை நிறுத்தவேண்டும். இல்லையென்றால் ‘அம்மா’ என்பது சாய்கோடும் எண்களுமாகத் தெரியும். தகவல் பாழாகாது, மறுபடி படித்தால் அம்மாவேதான். ஆனால் எழுத்துப்பிழை பார்க்கவேண்டிய ஆசிரியர் அதை எப்படிப் படிப்பார்?

இன்னொன்று, இது நம் ஊருக்கே உரியது. மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிக்கோப்பு எடுக்கும்போது பெயரையே கோப்பின் பெயராக வைத்தேன். ‘ஏ/எல்’, ‘ஏ/பி’யில் உள்ள சாய்கோட்டைக் கணினி கோப்புறை என்று எடுத்துக்கொண்டது, ‘அப்படி ஓர் இடம் இல்லை’ என்று நின்றுவிட்டது. சாய்கோட்டுக்குப் பதில் சிறு கோடு போட்டேன், ஓடியது.

கடைசியாக நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயிற்றிகளைப் பிடிஎஃப் ஆக மட்டுமே பகிர்கிறோம். அதிலிருந்து நகலெடுத்தால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பல நேரம் சிதறிப்போகிறது. கூட்டு வகுப்பு நடத்தும் ஆசிரியர் பத்துச் சொல்லை மாற்றிக்கொள்ள நினைத்தால் எல்லாவற்றையும் மறுபடி தட்டச்ச வேண்டும். பிடிஎஃப் அச்சுக்கு இருக்கட்டும். பக்கத்திலேயே அதன் எக்செல் மூலத்தையும் போடுங்கள். என் ஆண்டு 3 சொற்பட்டியலை அப்படித்தான் இம்முறை அனுப்பியிருக்கிறேன். அதில் கிறுக்கல் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.